ஆளில்லாத ரோஸ்வென்

கார்டிஃப்,
பிப்ரவரி 9

அன்புத் தம்பி எம்ரிஸுக்கு,

போனில் பேசினால் நமக்குள் சண்டையில்தான் முடிகிறது, அதனால் எழுதுகிறேன். உன் வீட்டுக்காரி ஹெலெத்தின் இடுப்பு வலி குறைந்ததா? கண்காட்சியில் நம் ரோஸ்வென் பண்ணைப் படம் முதல் நாளே விற்றுப்போனது. வாங்கியவர் லண்டன்காரர். மனைவியோடு அரை மணி நேரம் அதன் முன்னால் நின்றார். இந்த வீடு எங்கே இருக்கிறது என்று கேட்டார். வேல்ஸில், மோன் தீவின் மேற்கே, கடலுக்கு முந்தின கடைசி வீடு என்று பெருமையாகச் சொன்னேன். சேற்றை வரைந்தால் யார் வாங்குவார் என்று கிண்டல் செய்வாயே, வாங்கிவிட்டார்கள், போ. அந்தப் படத்தை அச்சிட்ட அஞ்சலட்டை ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன்.

உன் அக்கா,
மாரெட்


ரோஸ்வென்,
மார்ச் 20

அக்காவுக்கு,

ஆடுகள் குட்டி போடும் சமயம். பத்து நாளாகத் தூக்கமில்லை, கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. உன் அட்டையை ஹெலெத் ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறாள். வீடும் கடலும் அப்படியே இருக்கின்றன. என் டிராக்டர் எங்கே? கொடியில் காய்ந்த ஹெலெத்தின் துணி எங்கே? நீ வரைந்த அன்று முழுக்க உன் கண்ணெதிரே வேலி அடித்துக்கொண்டிருந்த நான் எங்கே? கடல்காற்றில் பறந்துவிட்டேனா?

ஒரு செய்தி. நமக்குக் குத்தகைக்கு விட்டிருந்த நிலத்துக்காரக் கிழவி காலமானாள். அவள் மருமகன் எல்லாவற்றையும் விற்கப் போகிறான். நானும் விலைக்குக் கேட்டிருக்கிறேன். இந்தச் சேற்றுக்கு என்னைத் தவிர வேறு யார் வரப்போகிறார்கள்?

எம்ரிஸ்


கார்டிஃப்,
ஏப்ரல் 2

எம்ரிஸ்,

கோபித்துக்கொள்ளாதே. ஆள் இருந்தால் படம் விற்பதில்லையடா. வாங்குகிறவர்கள் தாங்களே அங்கே இருப்பதாக நினைத்துப் பார்க்க விரும்புகிறார்களாம், காட்சிக்கூடத்து அம்மாள் சொல்கிறாள். முப்பது வருடமாக நான் அப்படித்தான் வரைகிறேன். ரோஸ்வென் உனக்குத்தான் கிடைக்கும், எனக்குச் சந்தேகமே இல்லை.

மாரெட்


ரோஸ்வென்,
செப்டம்பர் 14

அக்காவுக்கு,

ரோஸ்வென் கைமாறிவிட்டது. என்னால் எட்ட முடியாத விலை. வாங்கியவர் நேற்று வந்தார், உன் லண்டன்காரர். கையில் உன் அட்டை. நல்ல மனிதர்தான். கதவைத் திறந்த என்னைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"மன்னிக்கணும், இங்க யாரோ குடியிருக்காங்கன்னு எனக்குத் தெரியாது. படத்துல யாருமே இல்லையே" என்றார்.

ஹெலெத் அவருக்கு டீ போட்டுக் கொடுத்தாள். நான் கொட்டகைக்குப் போய் நின்றுகொண்டேன். குத்தகை நவம்பரோடு முடிகிறது. செவ்வாய்க்கிழமை ஆடுகள் ஏலத்துக்குப் போகின்றன.

உன் மேல் கோபமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. அந்த ஆள் எங்களை வெளியேற்றிவிட்டான் என்று ஊரில் பேசுகிறார்கள். அவர் வருவதற்கு முன்பே நீ எங்களை வெளியேற்றிவிட்டாய்.

எம்ரிஸ்


கார்டிஃப்,
டிசம்பர் 11

என் தம்பிக்கு,

உன் செப்டம்பர் கடிதத்துக்குப் பிறகு நான் எழுதும் நான்காவது கடிதம் இது, ஒன்றுக்கும் உன் பதில் இல்லை. புது முகவரி தெரியாததால் ரோஸ்வென்னுக்கே அனுப்புகிறேன், அந்த லண்டன்காரர் எப்படியாவது உன்னிடம் சேர்ப்பார் என்று நம்பிக்கொண்டு.

அக்டோபரிலிருந்து உன்னை வரைய உட்காருகிறேன். உடம்பு வருகிறது, நிற்கும் விதம் வருகிறது, முகம் வரவில்லை. அந்த வீட்டின் ஒவ்வொரு கல்லும் எனக்கு மனப்பாடம். உன்னை மட்டும் நான் உற்றுப் பார்த்ததே இல்லை, எம்ரிஸ். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. என்னை மன்னிக்க வேண்டாம். உன் கண் என்ன நிறம் என்று மட்டும், ஹெலெத்தையாவது எழுதிப் போடச் சொல்.

மாரெட்