வயலில் கொட்டிய இடிபாடு

அன்புள்ள தம்பிக்கு,

நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

கிடங்கில் எனக்கு இப்போது கப்பலில் வரும் அரிசியைப் பரிசோதிக்கும் வேலை. மூட்டையில் குத்தூசி விட்டு எடுத்தால் உள்ளங்கையில் வண்டு ஊர்கிறது, மக்கிய வாடை குமட்டுகிறது. வேண்டாம் என்று திருப்பவும் முடியாது. வேறு அரிசி இல்லை. நெல் விளைந்த இடமெல்லாம் மனைக்கல்லும் களையும்தான், வீடு ஒன்றையும் காணோம். அரிசி விற்கிற விலையில் எல்லார் சம்பளமும் வயிற்றோடு சரியாகிவிடுவதால் சட்டை தைக்க யாரும் வருவதில்லை. எங்கள் கீழ்வீட்டுத் தையல்காரர் கடையை மூடிவிட்டு, அந்த வெறும் மனைகளுக்குக் காவல் இருக்கப் போகிறார்.

போன ஞாயிறு, நம் வயலைப் பயிரிடும் சித்தப்பா பதறிப்போய்க் கூப்பிட்டார். ஓடினேன். விதைப்புக்கு உழுது வைத்திருந்த சேற்றில் உடைந்த கழிவறைப் பீங்கான், கண்ணாடிச் சில்லு, சாக்கடை மண். இது எங்கள் வயல் என்று, கொட்டிக்கொண்டிருந்த லாரிக்காரரிடம் கத்தினேன். அவர் நிதானமாகச் சொன்னார்: “ஒங்க தம்பிதான் மேடம் கொட்டச் சொன்னாரு. வெளையாம கெடந்தாத்தான் தாலுகா ஆபீஸ்ல தரிசுன்னு எழுதுவாங்க, அப்புறம்தான் மனை போட முடியும். ஒங்ககிட்ட சொல்லலையா?”

சித்தப்பா உன்னைத் திட்டவில்லை. “விக்கணும்னு சொல்லியிருந்தா நானே வெலகியிருப்பேன். இப்படி அசிங்கத்தக் கொட்டணுமாம்மா?” என்று கேட்டுவிட்டு, குனிந்து சில்லுகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

உன் வசதியைப் பார்த்து எனக்குப் பொறாமையோ என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். இல்லை. விற்க ஆசைப்பட்டதைக்கூட என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. விளைகிற மண்ணை வேண்டுமென்றே கெடுத்துவிட்டு, அதைத் தரிசு என்று சொல்லத் துணிந்தாயே, அதுதான் அருவருப்பாக இருக்கிறது. வண்டு அரிசியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுகிறேன். இதை எங்கே போய்க் கழுவுவது?

என் பங்கு இருக்கும்வரை விற்பனைக்கு என் கையெழுத்து கிடையாது. விதைப்புக்கு முன் அதே லாரிகளை வரவழைத்து, கொட்டியதை எல்லாம் அள்ளச் சொல். சேற்றில் புதைந்த சில்லுகளை நாங்கள் கையால் எடுத்துக்கொள்கிறோம்.

உன் பிள்ளைகள் என்றும் தட்டு நிறையச் சாப்பிட்டு வளரட்டும். அது எங்கே விளைந்தது என்று அவர்கள் உன்னைக் கேட்காமல் இருக்கட்டும்.

இன்னமும் உன்,
அக்கா