ஒரு கோடைக்கான குழாய்

லா சப்பல், பாரிஸ்
04.06.2024

அன்புள்ள இஞ்சாருங்கோவுக்கு,

ஊரில் எல்லாரும் உங்களை நிஷாந்தன் என்று கூப்பிட, கலியாணம் கட்டிய நாளிலிருந்து எனக்கு மட்டும் நீங்கள் 'இஞ்சாருங்கோ'தான். கடிதத்திலாவது பெயரைச் சொல்லி எழுதுவோம் என்று பேனையை எடுத்தேன். வெட்கம் விடவில்லை. நானும் மகள் கஜந்தினியும் சுகம். நீங்களும் மாமாவும் சுகமாயிருக்கப் பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று யோசிப்பீர்கள். நான் எடுத்தால் உங்கள் தங்கச்சி சுஜாந்தி மச்சாள் உடனே ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துவிடுகிறா. ஒரு பக்கம் மாமா இருமுகிறார். பக்கத்து வீட்டு ஆட்கள் எட்டிப் பார்த்து "பிள்ளை, அங்கை இப்பவும் குளிரே?" என்று கேட்கிறார்கள். இதற்குள்ளே ஒருத்தி புருஷனிடம் என்னத்தைப் பேசுவது? கத்தரிக்காய் விலையைத்தான் பேசலாம். அதனால்தான், மடு மாதா கோயில் திருநாளுக்கு ஊருக்கு வரும் எங்கள் மேல்மாடித் தெரேஸ் அக்காவிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். உங்கள் கையிலே தவிர வேறு யாரிடமும் கொடுக்கக்கூடாது என்று சத்தியம் கேட்டேன். வேதக்காரர் சத்தியம் பண்ண மாட்டார்களாம். "நான் ஓம் எண்டா ஓம்தான்" என்று சொல்லி வாங்கி வைத்தா.

முதலில் உங்கள் பியரின் கதையைச் சொல்லிவிடுகிறேன். நீங்களும் எங்கள் கட்டடத்து லூடோவிக்கும் மார்கழியில் காய்ச்சி, நிலவறையில் இரண்டு ஸ்டீல் பீப்பாயில் அடைத்து வைத்தீர்களே, அந்தப் பியர். வைகாசிக் கடைசியில் கட்டடத்து ஆட்கள் எல்லாரும் முற்றத்தில் மேசை போட்டுச் சாப்பிடும் நாளுக்கு என் பியர்தான் என்று ஊர் முழுக்கச் சொல்லியும் வைத்தீர்கள். பிறகு தையில் மாமி மோசம் போன செத்தவீட்டுச் செய்தி வந்து, போட்ட உடுப்போடு விமானம் ஏறினீர்கள். போகும்போது வாசலில் நின்று, "நான் வருமட்டும் பீப்பாயிலை ஒருத்தரும் கை வைக்கப்படாது" என்று சொன்னது நினைவிருக்கும்.

நானும் கை வைக்கவில்லை. எட்டுச் செலவு முடியட்டும் என்றீர்கள், சரி என்றேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிய வாறன் என்றீர்கள், அது நியாயம், பெற்ற தாய். அதன் பிறகு மாமாவுக்குச் சளி, மதில் விழுந்தது, கிணறு இறைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக வந்தது. சித்திரையில் மச்சாள்தான் சொன்னா, அண்ணை ஆட்டைத் திவசமும் செய்துவிட்டுத்தான் வெளிக்கிடுவார் என்று. ஆட்டை அடுத்த தைக்கு அல்லவா? அந்த நேரம் ஸ்பீக்கரில் உங்கள் மூச்சு மட்டும் கேட்டது.

இதற்கிடையில் லூடோவிக்குக்கு வேலை மாற்றம் வந்துவிட்டது. இங்கே பெரிய ரயில் ஸ்டேசனில் ரிக்கற் பார்த்தது போதும், தூரத்துப் பிரெஸ்ற் நகரத்துக்குப் போ என்று சொல்லிவிட்டார்களாம். கோடை வெயிலுக்கு நிலவறையும் சூடாகிவிடும், பியர் பழுதாகப் போகும், போவதற்கு முன்னம் திறப்போம் அக்கா என்று வந்து நின்றான். இரண்டு பீப்பாய் இருக்கிறது, வார்க்கத்தான் குழாய் இல்லை. அதனால்தான் உங்களுக்குப் போன் எடுத்து என்ன குழாய் வாங்குவது என்று கேட்டேன். நான் எதிர்பார்த்தது, 'பொறும், நான் வந்து பாக்கிறன்' என்ற ஒரு சொல்லைத்தான்.

நீங்கள் என்ன சொன்னீர்கள்? "நல்ல ஸ்டீல் குழாயா வாங்கி, பீப்பாயைப் பிரிட்ஜுக்குள்ளை வைச்சு, கதவிலை துளை போட்டு, லூடோவிக்கைக் கொண்டு பூட்டுவியும். கன காலத்துக்கு நிக்கும்" என்றீர்கள். என் கடவுளே! ஒரு படம் மாட்டுவதற்குக்கூட வேறு ஆளைத் துளை போட விடாத மனுஷன் நீங்கள். லூடோவிக் கேட்டதற்கே அந்தத் துளை போடும் மெஷினைக் கொடுக்க மாட்டேன் என்று அலுமாரிக்கு மேலே ஒளித்து வைத்தவர். இப்போது உங்கள் வீட்டுப் பிரிட்ஜில் எவனோ துளை போடட்டும் என்கிறீர்கள். சரி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய் நின்றேன். சோறு அடிப்பிடித்து மணக்கும்வரை அங்கேயே நின்றேன்.

அடுத்த நாள் லூடோவிக் தன் கணினியில் எல்லாவற்றையும் காட்டினான். நீங்கள் சொன்ன கதவுக் குழாய் ஒன்று. நல்ல பளபளப்பு, விலையும் அப்படித்தான். கையால் காற்றடிக்கும் பம்பு ஒன்று இருக்கிறதாம். அது மலிவு, ஆனால் உள்ளே வெறும் காற்றை விடுவதால் மறுநாளே பியர் புளித்துப் போகும். பீப்பாயின் தலையிலேயே நேரே பூட்டும் சின்ன ஸ்டீல் குழாயும் உண்டு. பார்க்க வடிவுதான், ஆனால் குழல் இல்லாததால் பியர் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து நுரைக்குமாம். கடைசியாகக் காட்டியது கறுப்புப் பிளாஸ்டிக்கில், பெருவிரலால் அமத்தினால் திறப்பது. நீளமான மெல்லிய குழலின் நுனியில் இருக்கும். அந்தக் குழலுக்குள்ளே ஓடி வரும்போதுதான் பியரின் வேகம் அடங்குமாம். கதவுக் குழாய் ஒன்றின் விலைக்கு இதில் பத்து வாங்கலாம்.

ஆனால் இது தற்காலிகம் அக்கா, ஒரு கோடைக்குத்தான் தாங்கும் என்று லூடோவிக் எச்சரித்தான். அதுதான் வேண்டும், ஒரு கோடைக்கு மேலே எனக்குத் தேவையில்லை, அவர் வந்து தன் கையாலே நல்லதைப் பூட்டுவார் என்று சொன்னேன். அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு பீப்பாய்க்கும் இரண்டு வாங்கச் சொல்லிவிட்டு எழும்பி வந்துவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை விருந்து. பீப்பாய் இரண்டையும் ஐஸ் போட்ட பெரிய வாளிகளில் இறக்கி, உள்ளே போகும் காஸைக் குறைத்து, குழலைச் சுருட்டி எல்லாம் ஒழுங்காகத்தான் லூடோவிக் செய்தான். முதல் கிளாஸைத் தான் வார்ப்பேன் என்று தெரேஸ் அக்கா அடம்பிடித்தா. வார்த்தா பாருங்கோ! கிளாஸை முழங்காலடியில் பிடித்துக்கொண்டு, குழாயைத் தலைக்கு மேலே தூக்கி, தேத்தண்ணி ஆத்துகிற மாதிரி இழுத்து ஊற்றினா. கிளாஸ் முழுக்க நுரை, அக்காவின் சட்டை முழுக்க நுரை, மூன்றாம் மாடிக் கிழவரின் பாண் முழுக்க நுரை. "மெதுவா அக்கா, மெதுவா!" என்று லூடோவிக் தமிழில் கத்தினான். நீங்கள் பழக்கிய தமிழ். "ஆத்தாமல் ஊத்தினா அது என்ன ஊத்து?" என்று அக்கா திருப்பிக் கேட்டா. கன நாளைக்குப் பிறகு நான் வாய் விட்டுச் சிரித்தேன். சிரித்துவிட்டு இதை உங்களுக்குச் சொல்வோம் என்று பக்கத்தில் திரும்பினால், நீங்கள் இல்லை.

கிளாஸைச் சரித்து, குழாயின் வாயோடு ஒட்டிப் பிடித்து வார்த்ததும் பியர் பொன் நிறத்தில் நல்லாக வந்தது. இஞ்சியும் மல்லியும் போட்ட பீப்பாய்தான் முதலில் முடிந்தது. காய்ச்சலுக்குக் கொடுக்கிற மல்லித்தண்ணி என்று நான் பகிடி பண்ணினேனே, அதைத்தான் எல்லாரும் கேட்டுக் கேட்டுக் குடித்தார்கள். நானும் ஒரு வாய் குடித்தேன். கசப்புப் போன பிறகு தொண்டையில் இஞ்சி நின்றது. உங்கள் கைப்பக்குவம். என் கண் கலங்கிவிட்டது. வெங்காயம் உரித்தேன் என்று சாட்டுச் சொல்ல அங்கே வெங்காயமும் இல்லை.

பொபினியில் இருக்கும் உங்கள் அற்புதராணிச் சின்னம்மாவுக்கு எப்படியோ செய்தி போய்விட்டது. "ஆட்டை முடியேல்லை, அதுக்குள்ளை உனக்குப் பியர் விருந்து கேக்குதோ?" என்று காலையிலேயே போனில் ஏறி விழுந்தா. இது எங்கள் வீட்டு விசேஷம் இல்லை, வருஷப் பிறப்புக்குக்கூட நான் ஒரு பலகாரம் சுடவில்லை, கட்டடத்துக்கு என் புருஷன் கொடுத்த வாக்கைத்தான் காப்பாற்றினேன் என்று பதில் சொன்னேன். உங்கள் தாய்க்குச் செய்ய வேண்டியதில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை. மாமி எனக்கும் நல்லவதான். ஆட்டை செய்வது பிழை என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. வந்துவிட்டு தைக்குத் திரும்பிப் போகலாம்தானே என்று மட்டும் கேட்கிறேன்.

இனித்தான் இந்தக் கடிதத்தை எழுத வைத்த விஷயம். விருந்தில் எல்லாரும் உங்களைத்தான் கேட்டார்கள். கிளாஸை நீட்டுகிறவர் எல்லாம் நிஷா எப்போது வருகிறார் என்று கேட்க, அடுத்த கிழமை, அடுத்த கிழமை என்று நானும் சிரித்துக்கொண்டே வார்த்தேன். மூன்றாம் மாடிக் கிழவர் நான் சொன்னதை நம்பாமலோ என்னவோ, குனிந்து கஜந்தினியிடம் கேட்டார். அவள் பிரெஞ்சில் பதில் சொன்னாள், அப்பாவின் வீடு இப்போது இலங்கையில்தான், எங்கள் வீடு இங்கே என்று. அழவில்லை. கோபமும் இல்லை. எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாய் என்று கேட்டால் எப்படிச் சொல்லுவாளோ, அப்படித்தான் சொன்னாள். சொல்லிவிட்டுத் தோடம்பழச் சாறு வார்க்கப் போய்விட்டாள்.

நான் அவளைத் திருத்தவில்லை. நீங்கள் வராமல் இருக்கப் போகிறீர்களா? அதை எனக்குச் சொல்ல ஏலாமல்தான் மதில், கிணறு, ஆட்டை என்று நீட்டுகிறீர்களா? மாமாவைத் தனியே விட மனமில்லை என்றால் அதையாவது சொல்லுங்கள், எனக்கு விளங்கும். எங்களை அங்கே கூப்பிட நினைத்தால் கூப்பிடுங்கள், நான் சண்டை பிடிப்பேன், அழுவேன், ஆனாலும் யோசிப்பேன். என்னைக் கேட்காமல், எனக்குச் சொல்லாமல், மெல்ல மெல்ல அங்கேயே இருந்துவிடுவதை மட்டும் என்னால் தாங்க முடியாது. நீங்கள் இல்லாமல் இந்த வீட்டில் எனக்கு இருக்கப் பிடிக்கவில்லை. இதை ஸ்பீக்கரில் சொல்ல முடியாது என்றுதான் எழுதினேன்.

மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். இருமலுக்கு மருந்தும், மச்சாளுக்கு ஒரு சேலையும் அக்காவிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன். உங்களுக்கு ஒன்றும் அனுப்பவில்லை. உங்கள் உடுப்பெல்லாம் இங்கே தோய்த்து மடித்தபடி இருக்கிறது. எல்லாக் கடவுளும் உங்களுக்குத் துணை நிற்கட்டும். தெரேஸ் அக்கா ஆடியில் திரும்பும்போது ஒடியல் மா, பினாட்டு, மிளகாய்த்தூள் என்று அவவின் பெட்டியை நிரப்பி எங்களுக்கு அனுப்பவேண்டாம். அவவுக்குப் பக்கத்துச் சீற்றில் நீங்கள் வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டிலிருந்து
துஷாந்தி