வந்த காரணம்

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் மாமாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ‘வருடத்துக்கு ஒருமுறை, அதுவும் பில் கட்டோடுதான் உனக்கு என் நினைவு வருகிறது’ என்று திட்டாதே. லிஃப்ட் மாட்டும் ஒப்பந்தக்காரனுக்குக் கணக்கு எழுதவே ஒரு அக்கா பிறந்திருக்கிறாள் என்று இங்கே எல்லோருக்கும் பொறாமை.

ஹோட்டல் சாப்பாடு, ரயில், அறை வாடகை எல்லாம் வாடிக்கையாளர்களுக்காகச் செய்ததுதான். மொத்தத்தையும் தொழில் செலவில் தள்ளிவிடு. வரி கழுத்தை நெரிக்கிறது.

அம்மா இல்லாத வீட்டில் எப்படி இருக்கிறாய்?

உன் தம்பி

ஜூன் 11

அன்புள்ள தம்பிக்கு,

பில்கள் வந்தன. நீ காபி கொட்டிய நாலு பில்லை வெயிலில் காயவைத்துப் படித்தேன். வாடிக்கையாளருக்கு வைத்த விருந்தை வரிக் கணக்கில் கழிக்க முடியாது, எத்தனை முறை சொன்னாலும் உனக்கு ஏறாது. வேலைக்காகப் போன பயணத்தைக் கழிக்கலாம். அதில் சொந்த விஷயமும் கலந்திருந்தால், முக்கியமாக எதற்காகப் போனாய் என்று பார்ப்பார்கள்.

பிப்ரவரி டிக்கெட்டில்தான் குழம்பிவிட்டேன். ஒன்பதாம் தேதி இங்கே வந்து பன்னிரண்டாம் தேதி திரும்பியிருக்கிறாய். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்கள். பின்பக்கம் உன் கையெழுத்தில் ‘துணிக்கடை முதலாளி, புது லிஃப்ட்’ என்று இருக்கிறது. பழக்கதோஷத்தில் எழுதியிருப்பாய்.

நர்ஸிடமும் பக்கத்துக் கட்டில்காரியிடமும் அம்மா சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்: “போட்டது போட்டபடி விட்டுட்டு எனக்காக ஓடி வந்துட்டான்.” கடைசிவரைக்கும் அதுதான் அவளுக்குப் பேச்சு. அதனால் சொந்தச் செலவில் எழுதப் போகிறேன். சரிதானே? ஒரு வரி எழுது, போதும்.

உன் அக்கா

ஜூன் 19

அன்புள்ள அக்காவுக்கு,

சின்ன விஷயத்தைப் பெரிதாக்காதே. அது சொந்தச் செலவு இல்லை. துணிக்கடை முதலாளி கூப்பிட்டார், வந்தேன், ஒப்பந்தமும் கிடைத்தது. வந்த இடத்தில் அம்மாவையும் பார்த்தேன். அவளாக அப்படி நினைத்துக்கொண்டாள். படுத்துக் கிடக்கிறவளிடம் போய் இல்லை என்றா சொல்ல முடியும்?

வரி ஆபீசில் கேட்டால் காட்ட, முதலாளி என்னை அழைத்த கடிதத்தையும் வைத்திருக்கிறேன். தொழில் பயணத்திலேயே எழுது.

தம்பி

ஜூன் 27

தம்பிக்கு,

எழுதிவிட்டேன். பிப்ரவரிப் பயணம் முழுக்கத் தொழில் செலவு. யார் கேட்டாலும் பயமில்லை, அத்தாட்சி பலமாக இருக்கிறது.

பதினோராம் தேதி முதலாளிக்குக் கொடுத்த விருந்து மட்டும் கழியாது. மூன்று பேர், இரவு எட்டு மணி என்று பில்லில் இருக்கிறது. அன்றைக்கு நீ வருவாய் என்று அம்மா கஞ்சியைத் தொடாமல் இருந்தாள். அலைந்த அலுப்பில் தூங்கியிருப்பான் என்று நான்தான் சமாளித்தேன்.

பில் கட்டைத் திருப்பி அனுப்புகிறேன். அடுத்த வருடத்துக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்.

அம்மா போனதிலிருந்து, இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கக் கூடாதா என்று அழாத நாளில்லை. உன் கடிதத்தைப் படித்த அன்று, நல்லவேளை, போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று நினைத்தேன். பெற்ற தாயைப் பற்றி என்னை இப்படி நினைக்க வைத்துவிட்டாய்.

அக்கா