ஆறடிக்கு ஒரு விரற்கடை கூடுதல்

12 ஜனவரி 1947, ஞாயிறு

பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் கூப்பிட்டனுப்பினார். பள்ளிக்கு அவர்தான் மேனேஜர். கைத்தொழில் வகுப்பு அவசியமா என்று மேலே கேட்கிறார்களாம். பிப்ரவரி 22, விருதுநகர்க் கண்காட்சியில் என் வகுப்பு எதை வைக்கிறதோ அதைப் பார்த்து ஆய்வாளர் முடிவு எழுதுவார். "நல்லதா எதாச்சும் செய்யப்பா வேதமுத்து" என்றார்.

பேனாப் பெட்டியும் மணைப் பலகையும் எல்லாப் பள்ளியும் வைக்கும். ஊருக்குத் திரும்பிவிட்ட வெள்ளைக்காரச் சாமியாருடைய, சாவி கொடுத்தால் ஓடும் பொம்மை ரயில் பள்ளி அலமாரியில் கிடக்கிறது, தகரத் தண்டவாளத்தோடு. அதை ஓட்டிக் காட்டினால் என்ன? இந்த ஊரில் ரயிலையே பார்க்காதவர்கள் பாதிப் பேர்.

என் மனைவி பிலோமிக்கு எட்டாம் மாதம். இந்த நேரத்தில் வேலை போகக் கூடாது. முதல் இரண்டு பிரசவத்தைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

15 ஜனவரி

ரயில் ஓடும் மேசைக்குப் படம் போட்டாயிற்று. ஒரே மேசையாகச் செய்தால் பஸ் மேல் ஏறாது. அதனால் நாலு துண்டு. நீளப் பக்கத்துக்கு ஆறடிக்கு இரண்டடியில் இரண்டு பலகை, முனைகளுக்கு வளைவுப் பலகை இரண்டு. வாகைச் சட்டம், மேலே தேயிலைப் பெட்டிப் பலகை, கழற்றி மாட்டும் கால்கள். போல்ட்டுப் போட்டு இணைத்தால் தண்டவாளம் ஒரு சுற்று முடியும்.

நீளப் பலகை ஒன்று சங்கையா ஆசாரிக்கு. மற்றவை நானும் வகுப்பும். "ஆறடின்னா ஆறடிதான்" என்று அவரிடம் மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் "சரிங்க வாத்தியாரே" என்றார்.

23 ஜனவரி

பெட்டி ஆணி பிடுங்கியதில் கட்டைவிரல் கிழிந்துவிட்டது. வேலை நடக்கிறது.

1 பிப்ரவரி, சனி

பள்ளியில் இடமில்லை என்று வீட்டு முன்னறையில் நாலையும் சேர்த்தோம். சேரவில்லை. ஒரு மூலையில் தண்டவாளம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. அளந்து பார்த்தேன். என்னுடையது ஆறடி. சங்கையாவுடையது ஆறடிக்கு மேல் ஒரு விரற்கடை!

நேரே பட்டறைக்குப் போய்க் கத்தினேன். நாற்பது வருசம் உளி பிடித்த கை, ஆறடி அளக்கத் தெரியாதா? அவர் பாட்டுக்கு இழைப்புளியைத் தள்ளிக்கொண்டிருந்தார். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

3 பிப்ரவரி

சங்கையா வீட்டுக்கு வந்தார். நின்றபடியே பேசினார்.

"ஆறடிக்கு ரெண்டடி, உங்க ஆளுகளக் கல்லறைக்குக் கொண்டுபோக நான் பெட்டி அடிக்கிற அளவு வாத்தியாரே. அதுல காலு மாட்டி, மாசமா இருக்குற புள்ள நடமாடுற வீட்டுல வைக்கச் சொல்றீக. இந்த வீட்டுக்கு ஏற்கனவே ரெண்டு சின்னப் பெட்டி அடிச்சுட்டேன். அதான் ஒரு விரக்கடை கூட விட்டேன். அறுக்கணும்னா நீங்க அறுத்துக்கோங்க. என்னால ஏலாது."

போய்விட்டார். நான் ஞாயிறுதோறும் ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கிறவன். இதையெல்லாம் நம்புகிறவனா? ஒரே அறுப்பு, ஐந்து நிமிட வேலை.

4 பிப்ரவரி

கோடு போட்டேன். ரம்பத்தைக் கோட்டின் மேல் வைத்தேன். கை வரவில்லை. ரம்பத்தை ஆணியில் மாட்டிவிட்டேன். என்ன மனுசன்டா நீ — நம்பிக்கையும் இல்லை, அறுக்கவும் தைரியம் இல்லை.

6 பிப்ரவரி

என் பலகையின் முனையில் ஒரு விரற்கடைக் கட்டையைச் சேர்த்து அறைந்தேன். இப்போது இரண்டும் சமம். ஆனால் இரண்டு பக்கமும் தண்டவாளம் எட்டவில்லை. தகரக்கடை அப்துல் கரீம் மண்ணெண்ணெய் டின்னை வெட்டித் துண்டு பற்றவைத்துத் தந்தார். "ரயிலுக்குமா ஒட்டுப் போடுறீக?" என்று கேலி வேறு.

ஓடுகிறது. ஒட்டு வரும் இடத்தில் மட்டும் தடுமாறுகிறது.

23 பிப்ரவரி

நேற்று விருதுநகர். சங்கையாவும் வந்தார். கரி வாயுவில் ஓடுகிற பஸ், மேட்டில் நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம், பலகைகள் மட்டும் மேலே சொகுசாக உட்கார்ந்து வந்தன. நாள் முழுக்க ரயிலைச் சுற்றிக் கூட்டம். நாலு தடவை ஒட்டில் கவிழ்ந்தது. நாலு தடவையும் சங்கையாதான் தூக்கி வைத்தார்.

ஆய்வாளர் டேப்போடு வந்தார். "படத்தில் ஆறடி போட்டிருக்கிறீர்கள். பலகை கூடுதலாக இருக்கிறதே?" சங்கையா என்னைப் பார்த்தார்.

"என் தவறுங்க" என்றேன்.

3 மார்ச்

பெண். அழுதாள். தெருவுக்கே கேட்கும்படி அழுதாள்.

12 ஏப்ரல்

கடிதம் வந்துவிட்டது. "ஆசிரியருக்கு அளவில் கவனம் போதாது." கைத்தொழில் வகுப்பு இந்த வருசத்தோடு சரி. எம்.ரெட்டியபட்டியில் மூன்றாம் வகுப்பு காலியாக இருக்கிறது, போகிறாயா என்று சாமியார் கேட்கிறார். சம்பளம் குறைவுதான். போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

பிலோமியிடம் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். அளவு பிசகிவிட்டது என்று மட்டுந்தான் அவளிடம் அன்றைக்குச் சொல்லியிருந்தேன். அழுவாள் என்று நினைத்தேன். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே சொன்னாள்:

"ஆசாரி அன்னிக்குப் பேசுனது எனக்கும் கேட்டுச்சுங்க. மறுநா பூராவும் ரம்பச் சத்தம் வருதா வருதான்னு படுத்துக் கெடந்தேன்."

பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன்.