பூநாரை எழுந்த பிறகுதான் இறங்குவோம்

மரியே வாழ்க

பழவேற்காடு

அன்பு மகள் கிறிஸ்டினாவுக்கு அம்மா எழுதிக்கொண்டது. நானும் நைனாவும் தம்பி சாமும் மாதா புண்ணியத்தில் கை கால் ஓடும்படி இருக்கிறோம், நீ அந்தக் குளிரில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாயா என்று முதலில் கேட்க வேண்டும், கேட்டுவிட்டேன். நைனாவுக்கு முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது. சாம் படகு எஞ்சினைப் பிரித்துப் போட்டு ஒரு வாரம் ஆகிறது, பிரித்தவனுக்குப் பூட்டத் தெரியவில்லை. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். மூன்று தடவை போனைக் கையில் எடுத்தேன், மூன்று தடவையும் கீழே வைத்துவிட்டேன். பேசினால் வாயில் வருவதெல்லாம் வரும், நீயும் மீட்டிங் இருக்கிறது என்று கட் பண்ணிவிடுவாய். கடிதம் என்றால் நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் நீ குறுக்கே பேச முடியாது.

இன்றைக்குப் பத்து நாளைக்கு முன்னால் சமுதாயக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். ஒரு அதிகாரி வந்து, ஐப்பசியிலிருந்து பங்குனி வரைக்கும் பூநாரைப் பறவை மேய்கிற சேற்றுப் பக்கம் ஒருத்தரும் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று சட்டம் வரப்போகிறது, வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்து எழுதியிருக்கிறார்கள் என்று சொல்லி ஒரு கட்டுத் தாளை வைத்து வாசித்தார். வருஷத்தில் அந்த ஆறு மாதம்தான் எங்களுக்கு இறால் என்பது உனக்குத் தெரியாததா. அதோடு விட்டாரா, கையால் தடவி இறால் பிடிக்கிற பெண்கள் நாற்பத்து மூன்று பேர், தண்ணீர் ஏறினால் எந்த இடத்தில், வடிந்தால் எந்த இடத்தில் இறங்குகிறார்கள், எத்தனை நேரம் சேற்றைக் கலக்குகிறார்கள் என்று ஒவ்வொன்றாக வாசித்தார், நண்டுப்பள்ளம், குருடன் திட்டு என்று இடத்தின் பெயர் முதற்கொண்டு. எங்களைச் சேற்றுக்குக் கூட்டிப் போகிற படகு ஜெயம்மாவுடையது. அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள், இது பொம்பளைங்க நமக்குள்ள சொல்ற பேராச்சே, ஊட்டு ஆம்பளைங்களுக்கே தெரியாதே, இத்த யாரு இவுங்களுக்குச் சொன்னதுனு. சாயங்காலமானால் நீ போன் போட்டு, இன்னிக்கு எங்கம்மா போன, எத்தினி பேரு போனீங்கனு கேட்பாயே, என் பெண்ணுக்கு அம்மாவின் வேலை மேல் இத்தனை அக்கறையா என்று பூரித்துப்போய், இறாலை ஆய்ந்துகொண்டே ஒன்று விடாமல் சொன்னவள் நான்தானே. எழுந்து நின்று, நான்தான் சொன்னேன், எழுதினது என் மகள் என்று சொல்லிவிட்டேன். மறைத்து என்ன ஆகப்போகிறது, தாளின் கடைசியில் உன் பெயர் இருந்தது. ஜெயம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. மறுநாள் படகில் எனக்கு இடம் விடவில்லை. அன்றிலிருந்து வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். திட்டியிருந்தால் தேவலை.

அந்தத் தாள் கட்டை வாங்கி வந்து பொன்னேரி காலேஜில் படிக்கிற பக்கத்து வீட்டு மஞ்சுவிடம் கொடுத்து, வரி வரியாகத் தமிழில் சொல்லு என்றேன். ஒரு இடத்தில் அந்தப் பெண் தயங்கினாள். பரவாயில்லை சொல்லும்மா என்றேன். இந்த ஏரிக்கு மனிதர்கள்தான் நோய், மனிதக் கால் படாமல் வைத்தால் ஏரி தானே குணமாகும் என்று எழுதியிருக்கிறாயாம். எந்த மனிதக் கால் கிறிஸ்டினா? சேற்றில் ஊறி வெடித்த இந்தக் காலால் நடந்துதான் உன்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவந்தேன். பூநாரை நிற்கிற சேற்றில் நாங்கள் கால் வைப்பதில்லை, அது கிளறிவிட்டு எழுந்து போன பிறகுதான் இறங்குவோம், இன்று தடவின இடத்தை நாளைக்குத் தொட மாட்டோம், இதெல்லாம் எங்கே எழுதியிருக்கிறாய் என்று மஞ்சுவைத் தேடச் சொன்னேன். நாற்பது பக்கத்தில் ஒரு வரி இல்லை. உனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. பன்னிரண்டு வயதில் லீவு நாளில் என்னோடு வந்து, பறவை இருக்கும்போதே படகிலிருந்து குதித்து, ஜெயம்மாவிடம் முதுகில் பளீரென்று ஒரு அடி வாங்கினவள் நீ. அந்த அடி மறந்துபோனதா, இல்லை ஆராய்ச்சிக்கு அது ஒத்துவரவில்லையா? தெற்கே ஆலைப் பக்கமிருந்து வருகிற சுடுதண்ணீருக்கு எத்தனை இடம் கொடுத்திருக்கிறாய் என்று கேட்டேன், இரண்டு வரி ஆன்ட்டி என்றாள். இளைத்தவன் தலையில்தான் எல்லாரும் மிளகாய் அரைப்பார்கள், என் மகளுமா? அந்தக் காலத்தில் டச்சுக்காரன் கப்பல் ஏறி வந்து நம்ம ஊரை ஆண்டான். இப்போது நம்மை விரட்டுவதற்கு அவன் வர வேண்டியதில்லை, அவன் ஊரில் உட்கார்ந்து எழுதுவதற்கு நீ இருக்கிறாய்.

போன மாதம், அப்படி என்ன ஆராய்ச்சி செய்கிறாய் என்று நான் லேசாகக் கேட்டதற்கு, பறவைக்கு வாயில்லம்மா, அதுக்காகத்தான் நாங்க பேசறோம்னு சொன்னாய். நல்லது. எங்களுக்கு வாய் இருக்கிறது, ஆனால் இரண்டு கையும் சேற்றுக்குள் இருப்பதால் இறால் போடுகிற பறியை அந்த வாயால்தான் கவ்விக்கொண்டிருக்கிறோம், பேசுவது எப்படி. இந்தக் கோபத்தோடு பங்குச் சாமியாரிடம் போய் நின்றேன். அவர் என் பக்கம் பேசுவார் என்று நினைத்தேன், முழுசாகப் பேசவில்லை. ஏரியில அறுந்த நைலான் வலையை வீசறது யாரு, பிளாஸ்டிக் கவரைக் கொட்டறது யாரு, படைப்பை அழிக்கிறதும் பாவம்தான், அதைப் பாவசங்கீர்த்தனத்துல சொன்னியானு என்னையே திருப்பிக் கேட்டார். சொல்லவில்லை என்பதால் முழங்கால் போட்டுச் சொல்லிவிட்டு வந்தேன், நைனாவையும் சொல்லவைத்தேன். அப்புறம்தான் அவர் சொன்னார், தோட்டத்தை உண்டாக்கின கடவுள் அதுல மனுஷனைக் கொண்டுவந்து வெச்சாரு, பயிர் பண்ணவும் காவல் காக்கவும், மனுஷன் இல்லாத தோட்டத்தை அவர் கேக்கலைனு. பூமி அழுவதும் ஏழை அழுவதும் கடவுளுக்கு ஒரே காதில்தான் விழுமாம். நீயும் மறைக்கல்வி வகுப்பில் உட்கார்ந்தவள்தானே. கோயிலில் பாவத்தை விடச் சொல்வார்கள், பாவியை விரட்டச் சொல்ல மாட்டார்கள். உங்கள் ஆராய்ச்சியில் பாவிக்கு மன்னிப்பும் கிடையாது, வேலையும் கிடையாது, வேலிக்கு அந்தப் பக்கம் போய் நிற்க வேண்டியதுதான். ஏரியைக் காப்பாற்றுங்கள், கூட நின்று நானும் காப்பாற்றுகிறேன், வலைக் கந்தலை வாரச் சொன்னால் வாருகிறேன். ஏரியையே சாமியாக்கி அதற்கு எங்களைப் பலி கொடுப்பதென்றால் அதை எந்த வேதம் ஏற்கும்? நைனா, புள்ள படிச்ச புள்ள, அதுக்குத் தெரியாதானு இன்னும் உனக்காகப் பரிந்துதான் பேசுகிறார். அவர் அப்படிப் பேசும்போது எனக்கு அழுகைதான் வருகிறது.

அடுத்த மாதம் இருபத்தெட்டாம் தேதி பொன்னேரியில் அதிகாரிகள் இந்தச் சட்டம் பற்றி எல்லாருடைய பேச்சையும் கேட்டு எழுதிக்கொள்ளப் போகிறார்களாம். அதற்கு முன்னால் நீ எழுதாமல் விட்டதை எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு மஞ்சுவின் போனுக்கு அனுப்பு. பொய் ஒன்றும் எழுத வேண்டாம், உன் முதுகில் விழுந்த அடியை எழுது போதும். அதிலும் உன் பெரிய படிப்புக்குக் குறைச்சல் வரும் என்றால் எழுத வேண்டாம், நான் போகிறேன். பேசுகிறவர்கள் பட்டியலில் என் பெயரைக் கொடுத்துவிட்டேன். நேற்று மாதா கோயில் வாசலில் வைத்து ஜெயம்மாவிடம் அதைச் சொன்னேன். அவ்ளோ பெரிய சபைல பெத்த பொண்ணு எழுதுனது தப்புனு சொல்லுவியா நீனு கேட்டாள். சொல்லுவேன் என்றேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கோயிலுக்குள் போய்விட்டாள், படகைப் பற்றிச் சொல்லவில்லை. இருக்கட்டும். படகில் இடம் கிடைக்கிறதற்காக நான் போகவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, ரொட்டியையே தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. சாம் ஒரு பொட்டலம் இறால் கருவாடு அனுப்பியிருக்கிறான், நாற்றம் வராமல் நாலு கவர் சுற்றியிருக்கிறது. ஞாயிறு பூசையை விடாதே. படுக்கப் போகும்போது ஜெபமாலை சொல்லு, அந்த மாலையில் பத்து மணியை இருபத்தெட்டாம் தேதிக்கென்று உருட்டு, யார் பக்கம் என்று நீயே முடிவு பண்ணிக்கொள். அங்கே என் பேச்சு வரும்போது, இந்தத் தாளை எழுதினது நான் பெற்ற பெண், பெயர் கிறிஸ்டினா, கெட்டிக்காரி என்று சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன். இங்கிருந்தே உன் நெற்றியில் சிலுவை போடுகிறேன். கோபத்தில் போட்டாலும் சிலுவை சிலுவைதான்.

உன் அம்மா,
ஆ. எலிசபெத்