முப்பத்தைந்து நிமிடம்

சூயஸ்,
செவ்வாய்க்கிழமை காலை

அன்பு மகள் தஹானிக்கு, அப்பா எழுதிக்கொள்வது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் அம்மாவும் இங்கே இருக்கிறோம், நலம் என்ற சொல்லை இந்த முறை எழுத மனம் வரவில்லை, நீயாவது அந்தக் குளிர் ஊரில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்கவேண்டும் என்று ஐந்து வேளைத் தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், இடது கையால் எழுதுகிறேன். வலது கையில் ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நுனியை எடுத்துவிட்டார்கள், புண் ஆறிக்கொண்டு வருகிறது, அதைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். அம்மா தான் எழுதித் தருவதாகச் சொன்னாள், நான்தான் வேண்டாம் என்றேன், இது நானே எழுதவேண்டிய கடிதம். போனில் சொல்லலாம் என்று மூன்று முறை முயன்றேன், உன் குரலைக் கேட்டதும் வாய் வேறு எதையோ பேசிவிடுகிறது. உன் சித்தி மகள் ரிஹாமின் நிச்சயதார்த்தம் தள்ளிப்போயிற்று, அம்மாவின் முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, பால்கனியில் நீ வைத்துவிட்டுப் போன துளசிச் செடி பூ விட்டிருக்கிறது. இதையெல்லாம் போனிலேயே சொல்லிவிட்டேன். சொல்லவேண்டியதை மட்டும் சொல்லவில்லை.

போன வெள்ளிக்கிழமை நீ போனில் அம்மாவிடம் அழுததை நான் பக்கத்து அறையிலிருந்து கேட்டேன். "என் கணக்கு ஒரு மனுஷனோட கால வாங்கிருச்சும்மா, இனிமே நான் அந்த புரோகிராமத் தொடவே மாட்டேன்" என்றாய். என் உதவியாள் ஜும்ஆவின் கால் ஒன்றை இடுப்புக்குக் கீழே எடுத்துவிட்டார்கள் என்ற சேதி கேட்டதிலிருந்து நீ ஆராய்ச்சிக்கூடத்துக்கே போகவில்லை என்றும் அம்மா சொன்னாள். மகளே, உன் கணக்கில் தப்பில்லை. உனக்கு நான் கொடுத்த நிமிடம் பொய். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், பக்கத்தை நிரப்பிக்கொண்டே போய்க் கடைசியில் சொல்லாமல் மடித்துவிடுவேனோ என்று எனக்கே பயம்.

நடந்ததை முழுதாகச் சொல்கிறேன், உனக்குத் தெரிந்ததும் இதில் வரும், பொறுத்துக்கொள். அன்று சுக்னா சாலைக் குழாய்ப் பாதையில் எங்களுக்கு ஆறு வெல்டிங்குகளில் விரிசல் உண்டா என்று, எக்ஸ்ரே மாதிரி கதிர் பாய்ச்சிப் படம் எடுக்கும் வேலை. ஜும்ஆவும் நானும் மட்டும். மேஸ்திரி என்ற மரியாதையில் உஸ்தா என்று கூப்பிட்டுக்கொண்டு பத்து வருஷமாக என்னோடு இருக்கிறவன், நாற்பத்தொரு வயது, மூன்று பிள்ளைக்காரன், கயிறு இழுப்பதும் குழாய் சுருட்டுவதும் அவன் வேலை, கதிர்ப்பெட்டியும் கதிர் அளக்கும் மீட்டரும் என் பொறுப்பு. நான்காவது படம் எடுத்துவிட்டுக் கைப்பிடியைத் திருப்பி, கதிர் வீசும் உலோகத் துண்டைப் பெட்டிக்குள் இழுத்தேன். கைக்கு வழக்கம்போல்தான் இருந்தது. துண்டு கம்பியிலிருந்து கழன்று ரப்பர்க் குழாயின் நுனியிலேயே நின்றுவிட்டது எனக்குத் தெரியாது. மீட்டரைத் தூக்கிப் பார்த்தேன், ஊசி பூஜ்யத்தில் இருந்தது. அது பேட்டரி செத்த மீட்டர். காலையில் ஒரு பொத்தானை அமுக்கிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், அமுக்கவில்லை. முப்பத்தோரு வருஷம் அடுத்தவன் வெல்டிங்கில் தலைமுடி அளவு விரிசல் இருக்கிறதா என்று பார்த்தவன், ஊசி அசையாததை நல்ல சேதி என்று எடுத்துக்கொண்டேன். குழாய் நுனியைப் பிடித்து ஐந்தாவது வெல்டிங்குக்கு மாற்றினேன், என் விரல் போனது அந்த அரை நிமிடத்தில். அப்போது காற்று எழும்பி மண் கிளம்பியது, மீதியை மத்தியானம் பார்த்துக்கொள்வோம் என்று குழாயைச் சுருட்டச் சொன்னேன். ஜும்ஆ சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினான், நிழலில் உட்கார்ந்து, மண் படக்கூடாது என்று அதைத் தொடைமேல் வைத்துக்கொண்டான். வண்டி கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு நான் போனேன், திரும்பி வரும்வரை அது அவன் தொடைமேல்தான் இருந்தது.

மத்தியானம் வண்டியில் ஃபிலிம்களைக் கழுவினேன். எல்லாம் கறுப்பு. எடுத்த படங்கள் மட்டுமல்ல, பையில் சும்மா கிடந்த புது ஃபிலிமும் கறுப்பு. கதிர்த் துண்டு பெட்டிக்குள் இல்லை, வெளியே கிடக்கிறது என்று அந்தத் தொட்டியின் முன்னால்தான் எனக்கு விளங்கியது தஹானி. வெளியே ஓடிவந்து அக்கம்பக்கம் வேலையில் இருந்தவர்களையெல்லாம் விரட்டினேன். ஜும்ஆ சக்கரத்தின் பக்கத்தில் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான், தலையைத் தூக்கிச் சிரித்தபடி, "நேத்து தின்ன உப்பு மீனு உஸ்தா, எம்பொண்டாட்டி காதுல மட்டும் போட்ராதீங்க, அவ ஆக்குனது" என்றான்.

அதற்குப் பிறகு காத்திருந்ததுதான். எட்டாம் நாள் அவன் தொடையில் உள்ளங்கை அளவு சிவப்பு, வெயிலில் சுட்ட மாதிரி. கெய்ரோவுக்குக் கூட்டிப்போனோம். கதிர் பட்டாயிற்று, எவ்வளவு பட்டது என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை, உடம்பு தானாக ஒவ்வொரு நாளாகக் காட்டினால்தான் உண்டு. உலகத்திலேயே உடம்பில் பட்ட கதிரைப் புரோகிராம் எழுதிக் கணக்குப் போடத் தெரிந்த ஒருத்தி என் வீட்டிலிருந்து போனவள் என்ற நினைப்பில் உனக்குப் போன் செய்தேன். நீ பதறாமல் மூன்றே விஷயம் கேட்டாய், துண்டின் வலு, தூரம், நேரம். வலுவைச் சரியாகச் சொன்னேன். தூரத்தைச் சரியாகச் சொன்னேன், தொடைக்கும் நுனிக்கும் இடையே அவனுடைய வேலைச் சட்டையின் மடிப்பு இருந்ததைக்கூடச் சொன்னேன். நேரம் எவ்வளவு என்று நீ கேட்டபோது பத்து நிமிடம் என்றேன். முப்பத்தைந்து நிமிடம். கிளம்பியபோதும் திரும்பியபோதும் கடிகாரம் பார்த்தவன் நான். விசாரணைக்கு வந்தவர்களிடமும் பத்து என்றுதான் எழுதிக் கொடுத்திருந்தேன். முதலில் வாயில் வந்தது அது, பிறகு அதையே பிடித்துக்கொண்டேன். நிமிடத்தைக் குறைத்துச் சொன்னால் பட்டதும் குறைந்துவிடும் என்று நம்பினேனோ என்னவோ, அந்த நாட்களில் என் புத்தி எப்படி ஓடியது என்று எனக்கே இப்போது பிடிபடவில்லை.

நீ இரண்டு நாளில் பதில் அனுப்பினாய். தோல் உரியும், ஒட்டுப்போட வேண்டிவரும், உள்ளே சதை பிழைக்கும், இது மதிப்பீடுதான், டாக்டர்கள் சொல்வதைத்தான் கேட்கவேண்டும் என்று கவனமாகத்தான் எழுதியிருந்தாய். நான் அதை வார்டில் சத்தமாகப் படித்தேன். மதிப்பீடுதான் என்பதையும் டாக்டர் என்பதையும் படிக்கவில்லை. அவன் மனைவி சப்ரீன் அங்கேயே குலவையிட்டாள், நர்ஸ் வந்து அதட்டினாள். ஜும்ஆ என் தோளைத் தட்டி, "பாத்தீங்களா உஸ்தா, உங்க பொண்ணு வெள்ளக்காரன் ஊர்ல உக்காந்துக்கிட்டு எங்காலுக்கு சர்டிபிகேட் குடுத்துருச்சு" என்றான். அடுத்த வாரம் டாக்டர்கள் உள்ளே செத்துக்கொண்டிருக்கும் சதையை இப்போதே ஆழமாக வெட்டி எடுத்துவிடலாம் என்றபோது அவன் கையெழுத்துப் போட மறுத்தான். உன் பேரைத்தான் சொன்னான்.

அதற்குள் ரத்தம் பார்க்கும் டாக்டர் மாஜிதா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஐம்பது வயதிருக்கும், கண்ணாடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு பேசுகிறவர். ஜும்ஆவின் ரத்தத்தில் ஐந்நூறு உயிரணுக்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, உள்ளே இருக்கும் குரோமோசோம் இழைகள் கதிரில் அறுந்து தப்பாக ஒட்டிக்கொண்டதையெல்லாம் எண்ணியிருக்கிறார். உனக்கு இது தெரியும், எனக்கு அன்றுதான் காட்டினார், ஒரு இடுப்பு மட்டும் இருக்கவேண்டிய இழைக்கு இரண்டு இடுப்பு. விரிசலைத் தேடுவதே பிழைப்பாக இருந்தவனுக்கு அதைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. அவர் கேட்டார், "பத்து நிமிஷத்துல இவ்வளவு அறுந்து போகாதுங்க. ஒண்ணு இந்த ரத்தம் பொய் சொல்லணும், இல்ல நீங்க. எது?" நான் பத்து நிமிடம்தான் டாக்டர் என்றேன். அவர் தலையிலிருந்த கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டார். "ரத்தத்த வச்சு முழு உடம்புக்கும் எவ்வளவுன்னு சொல்லலாம், அந்தத் தொடையில எவ்வளவு ஆழம்னு சொல்ல முடியாது, அதுக்கு நீங்கதான் வாயத் திறக்கணும்" என்றார். நான் சலாம் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். அதன் பிறகு பத்தொன்பது நாள். புண் உள்ளே இறங்கியது, சீழ் பிடித்தது, காய்ச்சல் ஏறியது, கடைசியில் உயிரா காலா என்று ஆகிவிட்டது.

முன்னாலேயே வெட்டியிருந்தால் கால் தப்பியிருக்குமா என்று நேற்று முன்தினம் டாக்டர் மாஜிதாவிடம் போய்க் கேட்டேன், உண்மையைச் சொல்லிவிட்டுத்தான் கேட்டேன். தப்பியிருக்கலாம், தப்பாமலும் இருந்திருக்கலாம், இனிமேல் யாராலும் சொல்ல முடியாது என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு கனத்திருக்காது.

அங்கிருந்து நேராக ஜும்ஆவின் கட்டிலுக்குப் போனேன். சப்ரீன் அவனுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது, அங்கே பார்க்கக்கூடாது என்று பார்த்தால் வேறு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. நின்றபடியே சொன்னேன், தஹானி கணக்கில் தப்பில்லை, நான்தான் முப்பத்தைந்தைப் பத்து நிமிடம் என்று சொன்னேன் என்றேன். சப்ரீனின் கை நின்றுவிட்டது. ஜும்ஆவுக்குக் கொஞ்ச நேரம் புரியவில்லை. "முப்பத்தஞ்சுன்னு சொல்ல என்ன உஸ்தா? வண்டி கொண்டாரப் போனீங்க, மண்ணுக் காத்து, லேட்டாச்சு, அவ்வளவுதானே" என்று எனக்கே காரணம் எடுத்துக் கொடுத்தான். அதைத்தான் மகளே என்னால் தாங்க முடியவில்லை. வண்டி நூறு அடியில் நின்றது. நான் போனது கிரேன் ஓட்டுகிறவனின் கூடாரத்துக்கு. அங்கே டீ போட்டிருந்தார்கள், உட்கார்ந்தேன், கால்பந்தைப் பற்றி ஏதோ பேசிச் சிரித்தோம், இரண்டாவது கிளாஸும் வாங்கிக் குடித்தேன். நிமிடத்தை மறைத்தது ஜும்ஆவுக்காக என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் மறைத்தது அந்த டீயை. இதையும் அவனிடம் சொன்னேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான். பிறகு மெதுவாக, "நல்லாருந்துச்சா உஸ்தா, டீ?" என்று கேட்டான். சப்ரீன் எழுந்து என்னைத் தொடாமல், "போயிருங்கண்ணே, இந்தப் பக்கம் வராதீங்க" என்றாள். வந்துவிட்டேன்.

அம்மாவிடமும் அன்று மத்தியானமே சொல்லிவிட்டேன். முலூகியாக் கீரை கிளறிக்கொண்டிருந்தவள் அடுப்பை அணைத்தாள், கத்தவில்லை, "பிள்ளை அங்க அழுதுக்கிட்டிருக்காளே, அவளுக்கு யாரு சொல்றது?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. சாப்பாடு வைக்கிறாள், கட்டு மாற்றிவிடுகிறாள், பேசுவதில்லை.

இனி நான் செய்ய முடிந்தது கொஞ்சம்தான். நாளைக் காலையில் விசாரணை அலுவலகத்துக்குப் போய்ப் பழைய வாக்குமூலத்தைத் திருத்தி எழுதிக் கொடுக்கப்போகிறேன், மீட்டரின் பொத்தானை அமுக்காததையும் சேர்த்து. லைசென்ஸ் போகும், அதற்கு மேலும் ஏதாவது வரலாம், வரட்டும். உனக்கு யாராவது எழுதிக் கேட்டால் நான் போனில் பத்து என்று சொன்னதை அப்படியே சொல், அப்பாவுக்காக எதையும் குறைக்காதே. ஜும்ஆவுக்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்த மாதிரி உனக்கு எழுதவும் மாட்டேன். அவன் பிள்ளைகளில் மூத்தது தெருவில் என்னைப் பார்த்தால் இன்னும் சலாம் சொல்கிறது, அதற்கு யாரும் இன்னும் சொல்லவில்லை போலும்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போ. அந்த புரோகிராமைத் திற. பத்து என்று இருக்கும் இடத்தில் முப்பத்தைந்து என்று போட்டுப் பார். கால் போகும் என்றுதான் அது சொல்லும். எனக்கு அதை எழுதி அனுப்ப வேண்டாம், நீ மட்டும் பார்த்துக்கொள். பிறகு உன் வேலையைச் செய். நாளைக்கு இன்னொரு ஊரில் இன்னொருவன் தொடை சிவந்துபோய் உட்கார்ந்திருப்பான், அவனுக்காவது உண்மை பேசுகிற ஆள் பக்கத்தில் இருப்பான்.

அல்லாஹ் உன்னைக் கண்ணிமைபோல் காக்கட்டும், உன் கல்வியில் பரக்கத் செய்யட்டும். வேளைக்குச் சாப்பிடு, பனியில் ஈரக் காலோடு திரியாதே. ஞாயிற்றுக்கிழமைதோறும் அம்மாவுக்குப் போன் செய்வதை நிறுத்திவிடாதே. என்னோடு பேசவேண்டும் என்று கட்டாயமில்லை, அவளோடு பேசினால் போதும், நான் அடுத்த அறையில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா,
ஷௌகி