நீ விட்டுக்கொடுத்த முட்டை

கேப்டனே,

நேற்றுக் காலை என் அறை முழுக்கப் பித்தளை பாலிஷ் வாசனை. உன் மனைவி கொண்டுவந்த கோப்பையிலிருந்து வந்தது அது. பழைய துண்டில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டே கரமனையிலிருந்து ஆட்டோவில் வந்திருக்கிறார். என் மேசைமேல் வைத்துத் துண்டை விலக்கியபோது முதலில் கண்ணில் பட்டது அடியில் பதித்திருந்த தகடுதான். உன் பெயர், அதற்குக் கீழே வருடா வருடம் ஜெயிப்பவர் கைக்கு மாறும் ‘நினைவு எவர்ரோலிங் டிராபி’, அதற்கும் கீழே ‘வாலிபால், ஆண்கள்’. செத்த பிறகும் ஆண்கள் அணிக்குத்தான் கொடுக்கிறாய் என்று நினைத்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை. உன் விஷயத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்கு முப்பத்தைந்து வருடப் பழக்கம்.

“அவர் உங்களைப் பத்தி அடிக்கடி சொல்லுவார் டீச்சரே,” என்றார். “‘என்னோட வெளையாடினவா எத்தனையோ பேர். என்னைப் பத்தி ஒரு குறை சொல்லாத ஒரே ஆள் அவதான்’னு சொல்லுவார்.”

அப்படியா சொல்லிக்கொண்டிருந்தாய்? சரி, இப்போது கேள். இறந்தவர்களைக் குறை சொல்லக்கூடாது என்பார்கள். நீ உயிரோடு இருந்தபோதே சொல்லியிருக்க வேண்டும், அது என் தப்புதான். என் ஓய்வு நாளன்று உன்னை முன்வரிசையில் உட்காரவைத்து, மேடையில் நின்று சொல்வதாக இருந்தேன். அதற்குள் நீ தப்பித்துக்கொண்டாய்.

நாம் படித்த காலத்தில் கல்லூரியில் ஒரே ஒரு வாலிபால் கோர்ட். மாலை முழுவதும் அது உங்களுடையது. எங்களுக்கு விடிந்தும் விடியாமலும் ஒரு மணி நேரம். ஜெர்சி என்றால் உங்கள் அணி போன வருடம் போட்டுக் கழித்தது. கை முழங்கைக்குக் கீழே தொங்கும், ஊக்குக் குத்திக்கொண்டு ஆடுவோம். பயிற்சி முடிந்தால் உங்களுக்கு ஒரு டம்ளர் பால், இரண்டு ஏத்தன் வாழைப்பழம், ஒரு அவித்த முட்டை. எங்களுக்குப் பழம் மட்டும், அதுவும் ஒன்று. பெண்பிள்ளைகள் அவ்வளவு சாப்பிட மாட்டார்கள் என்பது அன்றைய பிசிக்கல் டைரக்டரின் கண்டுபிடிப்பு. வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, கரமனையில் ஓட்டலில் பரோட்டா போட்டுக்கொண்டிருந்தவரின் மகள் நான். எவ்வளவு சாப்பிடுவேன் என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

நீ மட்டும் விடியற்காலையில் வருவாய். அக்கிரகாரத்திலிருந்து சைக்கிளில், மற்ற பெண்கள் வருவதற்கு அரைமணி முன்னாலேயே. எனக்குப் பந்து தூக்கிப் போடுவாய். அதை நான் மறுக்கவில்லை. ஒருநாள் வலையை அவிழ்த்து ஆண்கள் உயரத்துக்கு ஏற்றிக் கட்டினாய். “இந்த நெட்டு உனக்குப் போறாதுடி. மேல அடி,” என்றாய். முதல் வாரம் பத்து அடித்தால் ஒன்று தாண்டியது. மாதக் கடைசியில் எட்டு தாண்டியது. அதில் ஒன்றைத் தடுக்கப்போய் உன் சுண்டுவிரல் வீங்கிவிட்டது. கேட்டவர்களிடமெல்லாம் சைக்கிள் செயினில் மாட்டிக்கொண்டது என்று சொன்னாய். அன்று எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

அப்புறம் அந்த முட்டை. மாலையில் உனக்குக் கிடைப்பதைத் தாளில் பொதிந்து பஸ் நிறுத்தத்தில் என் கையில் கொடுப்பாய். “ஆத்துக்குத் தெரியாம நான் கிரவுண்டுக்கு வரதே இதைத் திங்கத்தான். ஆனா இது உனக்கு. நீ குதிக்கணும்.” பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு தின்பேன். அப்பாவிடம் சொன்னபோது அவர், “தன் பங்கைத் தாறவன்லா மக்ளே, நல்ல பையன்,” என்றார். நாள் முழுக்க ஓட்டலில் முட்டை உடைக்கிற மனிதர். வீட்டுக்கு ஒன்று கொண்டுவர முடியாதவர். அவர் சொன்னதை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

அந்த வருடம்தான் நீ யூனியன் தேர்தலில் ஜெனரல் கேப்டனுக்கு நின்றாய். விளையாட்டுக்கு மாணவர் பிரதிநிதி. எந்த அணி எங்கே போவதென்றாலும் அவர் கையெழுத்து வேண்டும். பெண்கள் விடுதியில் அறை அறையாக ஏறி இறங்கி உனக்கு வோட்டுக் கேட்டவள் நான். ஆணுக்கு என்னவோ அதுதான் பெண்ணுக்கும் என்ற உன் வாக்குறுதியை மலையாளத்தில் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியது. ஜெயித்த அன்று, “இனி நீ யார்கிட்டயும் கை நீட்ட வேண்டாம், தன்னால வரும்,” என்றாய். எதுவும் வரவில்லை. உன் முட்டை மட்டும் வந்துகொண்டிருந்தது, நானும் தின்றுகொண்டிருந்தேன்.

மண்டலப் போட்டியில் பெண்கள் அணி முதலிடம். ஆண்கள் அணி மூன்றாம் இடத்தில் தொற்றிக்கொண்டு வந்தது. இரண்டு அணிக்கும் ஆலப்புழையில் பல்கலைக்கழக இறுதிச் சுற்று. பல்கலைக்கழக அணிக்கு அங்கேதான் ஆள் எடுப்பார்கள். அதில் இடம் கிடைத்தால் சான்றிதழ், சான்றிதழ் இருந்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் அரசு வேலை. எனக்கு அது கடைசி வருடம். ஒரு வேனுக்குத்தான் நிதி இருக்கிறது என்று விளையாட்டுக் குழு கூடியது. நான் வெளியே சுவரில் சாய்ந்து நின்றிருந்தேன். கவலையே படவில்லை. உள்ளே நீ இருக்கிறாய் என்ற தைரியம்.

வெளியே வந்தபோது நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. “அடுத்த வருஷம் பார்த்துக்கலாம், கேட்டியா,” என்றாய். எனக்கு அடுத்த வருடம் கிடையாது என்பது உனக்குத் தெரியாதா? மறுநாள் அறிவிப்புப் பலகையில் கடிதத்தின் நகல் ஒட்டியிருந்தது. பெண்கள் அணி போட்டியிலிருந்து விலகிக்கொள்கிறது. காரணம், வீராங்கனைகளின் சொந்த அசௌகரியம். கீழே ஜெனரல் கேப்டன் என்று உன் கையெழுத்து, நன்றாகச் சுழித்துப் போட்டிருந்தாய்.

அதோடு விட்டார்களா? உங்களை வழியனுப்ப எங்களையே தாலப்பொலிக்கு நிறுத்தினார்கள். கோவில் விழாவில் சாமியை எதிர்கொண்டு நிற்பதுபோல, பொன்கரை போட்ட செட் சாரி கட்டி, கையில் தட்டு ஏந்தி, தட்டில் அரிசியும் பூவும் திரி ஏற்றிய தேங்காய் மூடியும். மண்டலத்தில் முதலிடம் வந்த பன்னிரண்டு பேரும் வேனின் இரண்டு பக்கமும் வரிசையாக நின்றோம். என்னைக் கடக்கும்போது நீ குனிந்து, “சிரிடி, போட்டோ எடுக்கறா,” என்றாய். நான் சிரித்தேன். வாழ்க்கையில் நான் வெட்கப்படுகிற காரியங்கள் மூன்று நான்கு உண்டு. அந்தச் சிரிப்புதான் அதில் முதலாவது.

முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பினீர்கள். செய்தி வந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் தோற்ற ஆட்டத்திலும் தேர்வாளர்கள் உன்னைப் பார்த்துவிட்டார்கள். உனக்கு அணி, சான்றிதழ், வேலை எல்லாம் வந்து சேர்ந்தது. நான் சாலைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் ஆறு வருடம் சேலை விரித்துப் போட்டேன். அதில் மிச்சம் பிடித்துத்தான் உடற்கல்விப் படிப்பு, அப்புறம் இதே கல்லூரியில் வேலை, இன்று துறைத் தலைவி. கல்யாண வீடுகளில் பார்க்கும்போதெல்லாம், “எல்லாம் நல்லதுக்குத்தான். நான் கிளார்க், நீ ப்ரொஃபஸர்,” என்பாய். நான் இலையைப் பார்த்துத் தலையாட்டுவேன்.

சாகும்வரை அப்படியே தலையாட்டிக்கொண்டிருந்திருப்பேன். போன வருடம் நான் கல்லூரிக் கவுன்சிலுக்கு ஒரு கோரிக்கை எழுதிக் கொடுத்தேன்: விளையாட்டு நிதி ஆண்களுக்கும் பெண்களுக்கும் சரிபாதி, வண்டியும் சாப்பாடும் ஒன்றுபோல. பழைய மாணவர் கூட்டத்தில் அதைப் பற்றிப் பேச்சு எழுந்தது. நீ மைக்கைப் பிடித்தாய். “என் பங்கு முட்டையையே கொடுத்து வளர்த்த டீமாக்கும் அது. கொடுக்கற மனசு இருந்தா போறும். பாதி பாதின்னு சட்டம் எதுக்கு?” என்று சொல்லி என்னைக் கைகாட்டினாய். எல்லாரும் கைதட்டினார்கள். நான் எழுந்து கும்பிட்டேன். முகத்தில் அதே பழைய சிரிப்பு.

ஏழு மாதத்தில் உனக்கு மாரடைப்பு. உன் வீட்டு வாசலில் நின்றபோது அழுகை வந்தது. அழுதுகொண்டிருக்கும்போதே ஆத்திரமும் வந்தது. சண்டை போட ஆள் இல்லாமல் செய்துவிட்டானே பாவி என்று.

ஆள் இல்லாவிட்டால் என்ன, கையெழுத்து இருக்கிறதே. அந்த விலகல் கடிதத்தின் மூலப்பிரதி துறை அலமாரியில் கிடந்தது. பொறுப்பேற்ற வாரமே எடுத்து என் இழுப்பறையில் வைத்துக்கொண்டேன். போன வாரம் கவுன்சில் கூடியபோது அதைக் கையோடு கொண்டுபோனேன். இளம் ஆசிரியர் ஒருவர் எழுந்தார். கெட்டவர் இல்லை. கோப்பை கொண்டுவருவது பையன்கள், கூட்டம் கூடுவது அவர்கள் ஆட்டத்துக்கு, ஜெயிக்காத அணிக்குப் பாதியைக் கொடுத்தால் இரண்டும் கெடும் என்று மலையாளத்தில் நயமாகவே பேசினார். கடைசியில் உன்னையும் இழுத்தார். கொடுக்கிற மனசு, முட்டை.

நான் கடிதத்தை வாசித்தேன். அந்த அசௌகரியக்காரி நான்தான் என்றேன். முதலிடம் வந்தவர்கள் தட்டு ஏந்தி நின்றோம், மூன்றாம் இடம் வந்தவர்கள் வேனில் போய் முதல் ஆட்டத்தில் தோற்று வந்தார்கள், அவர்களிடம் யாராவது கோப்பை எங்கே என்று கேட்டீர்களா என்றேன். தோற்பதற்கும் ஒரு வண்டி வேண்டும், எங்களுக்கு அதைக்கூடத் தரவில்லை என்றேன். கையெழுத்து யாருடையது என்று பிரின்சிபல் கேட்டார். உன் பெயரை இனிஷியலோடு முழுசாகச் சொன்னேன். தீர்மானம் நிறைவேறியது. உன் பெயர் சந்தி சிரித்ததைப் பார்த்து எனக்கு வயிறு குளிர்ந்தது.

இதொன்றும் தெரியாமல்தான் உன் மனைவி நேற்றுக் கோப்பையோடு வந்திருந்தார். நான் ஒன்றுவிடாமல் சொன்னேன். விடியற்காலைப் பந்து, உயர்த்திக் கட்டிய வலை, தேர்தல், தாலப்பொலி, எல்லாம். கடிதத்தையும் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை வாசித்தார். “அவர் ஒப்புதான்,” என்றார், கையெழுத்தின்மேல் விரலை வைத்து. அந்த முகத்தைப் பார்க்க எனக்கே என்னவோபோல் ஆகிவிட்டது. ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்து, “முட்டையை மட்டும் அவரு வாயைக் கட்டித்தான் எனக்குத் தந்தாரு மாமி. அதை மறக்க முடியாது,” என்றேன்.

“முட்டையா?” என்றார். “அவருக்கு அந்த வாடையே ஆகாதே டீச்சரே. மேல் வீட்டுல ஆம்லெட் போட்டாலே ஜன்னலைச் சாத்துவார். சின்ன வயசுலேந்தே அப்படித்தான்னு எங்க மாமியார் சொல்லுவா.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை, மாமி பயந்துபோய்த் தண்ணீரை நகர்த்தி வைத்தார். முப்பத்தைந்து வருடமாக உன்மேல் கோபம் பொங்கும்போதெல்லாம் அந்த முட்டையை நினைத்துத்தான் அடங்கியிருக்கிறேன், கேப்டனே. குப்பையில் போடவேண்டியதை என் கையில் போட்டுவிட்டு அதற்குத் தியாகம் என்று பேர் வைத்தாய். மைக்கிலும் சொன்னாய். உன் முட்டையைக் கொடுத்தாயே தவிர, எங்கள் முட்டையை நீ ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் டைரக்டரோடு மனத்தாங்கல் வந்திருக்கும்.

“அப்போ இதைத் திரும்ப எடுத்துண்டு போயிடட்டுமா?” என்று மாமி கோப்பையைத் தொட்டார்.

“வேண்டாம், இருக்கட்டும். ஆண்கள்ங்கிற இடத்துல பெண்கள்னு மாத்திருவோம்.”

“அவர் பேர்?”

“பேரு அப்படியே இருக்கட்டும் மாமி.”

மாமியின் முகம் தெளிந்தது. நான் மன்னித்துவிட்டதாக எடுத்துக்கொண்டார் போலும். அதனால் மறைக்காமல் சொல்லிவிட்டேன்: வருடா வருடம் கோப்பை வாங்கும் பெண்கள், இது யார் பெயர் என்று கேட்பார்கள், அப்போது கடிதத்தை வாசித்துக் காட்டி நடந்ததைச் சொல்வேன். மாமி துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார்.

“சொல்லுங்கோ. நடந்ததுதானே,” என்றார் கடைசியில். “ஆனா விடியக்காலம் வந்து பந்து போட்டதையும், நெட்டை ஒசத்திக் கட்டினதையும் சேர்த்துச் சொல்லணும். அது மட்டும் எனக்காக.”

சரி என்றேன். உனக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் கேட்டார், பாவம்.

இன்று காலை அணித்தலைவியிடம் கதையைச் சொன்னேன். நான் ஓய்வு பெற்ற பிறகு சொல்வதற்கு ஆள் வேண்டுமே. திருப்பிச் சொல்லச் சொன்னபோது அவள் விடியற்காலைப் பயிற்சியை விட்டுவிட்டுச் சொன்னாள். அது இருந்தால் அவர் நல்லவர் மாதிரி தோன்றுகிறது மிஸ் என்றாள். அதைத்தான் விடக்கூடாது என்றேன். டைரக்டருக்கு நான் எவ்வளவு உயரம் குதிப்பேன் என்று தெரியாது. பிரின்சிபல் எங்கள் ஆட்டம் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. அவர்களை நான் எப்போதோ விட்டுவிட்டேன். ஆண்கள் வலைக்கு மேலே நான் அடித்ததை நேரில் பார்த்தவன் நீ ஒருவன்தான். என்னால் என்ன முடியும் என்று இந்த உலகத்தில் உனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டாய்.